தோளில் இருந்தது யார்?

காலையில் வேலைக்கு வந்ததும் சின்னவள் செய்ய வேண்டிய முதல் காரியம், தன் எதிரியின் முகத்தைப் பார்த்து "குட் மார்னிங்" சொல்வது. எதிரி என்றால் வேறு யாருமில்லை, கூடப் பிறந்த அக்காதான்.

அவர்கள் வேலை பார்த்தது ஓட்டலின் அடித்தளத்தில் இருந்த சலவைக்கூடத்தில். ஜன்னல் கிடையாது. மேலே அறைகளில் விருந்தாளிகள் படுத்துப் புரண்ட விரிப்புகள் வண்டி வண்டியாகக் கீழே வரும். துவைத்து, உலர்த்தி, உருளை மெஷினில் கொடுத்து இஸ்திரி போட்டு, மடித்து மேலே அனுப்ப வேண்டும். இரட்டைக் கட்டில் விரிப்பை ஒரு ஆள் மடிக்க முடியாது. இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, விறைப்பாக இழுத்து, எதிரெதிராக நடந்து வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே உயரமாக இருந்தால்தான் மடிப்பு கோணாது. அந்தக் கூடத்தில் ஒரே உயரமான பெண்கள் இந்த இருவர்தான். ஒரே வீட்டுச் சோற்றைத் தின்று வளர்ந்த உடம்புகள் அல்லவா!

ஆனால் பேச்சுவார்த்தை கிடையாது. கோபித்துக்கொண்டு நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற ரகம் இல்லை இது. அப்பா செத்த வருஷம் நின்ற பேச்சு. அதற்குப் பிறகு சின்னவளுக்கு ஒரு பெண் பிறந்து, வளர்ந்து, இப்போது அது வாய் ஓயாமல் பேசுகிறது. இவர்கள் பேசவில்லை.

அப்பா தையல்காரர். அவர் கண்ணை மூடிய கையோடு, பெரியவள் ஒரு வண்டியைக் கொண்டுவந்து அவருடைய தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். தங்கச்சி என்று ஒருத்தி இருக்கிறாளே, ஒரு வார்த்தை கேட்போம் என்று தோன்றவில்லை. பெரியவளுக்கு ஒழுங்காக ஒரு பட்டன் தைக்கத் தெரியாது. சின்னவள் அக்கா வீட்டு வாசலில் போய் நின்று தெருவே கூடும்படி கத்தினாள். அக்காவும் சளைத்தவள் இல்லை. அன்றைக்கு ஒருத்தி மாமியாரை இன்னொருத்தி இழுத்தாள், ஒருத்தி புருஷனின் யோக்கியதையை இன்னொருத்தி அலசினாள். நெஞ்சுக்குள் முள்ளாகக் கிடந்ததை மட்டும் இருவருமே சொல்லவில்லை. அதைச் சொன்னால் அழுகை வந்துவிடும். அழுதால் மற்றவள் ஜெயித்ததாக ஆகிவிடும்.

இப்படிப்பட்ட இருவர் ஒரே விரிப்பின் இரு பக்கம் நின்று நாள் முழுக்க இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்றால் நடுவில் இஸ்திரிக்காரர் இருந்தார். எந்நேரமும் ஆவிக்குள்ளேயே நிற்பதால் எல்லோரும் அவரை ரயில் அண்ணன் என்பார்கள்.

"ரயிலண்ணே, அந்த அம்மாவைக் கொஞ்சம் மேல தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்க. விரிப்பு தரையில புரளுது," என்பாள் சின்னவள்.

"ரயிலண்ணே, எனக்குக் கண்ணு இருக்குன்னு அவகிட்ட சொல்லுங்க."

ரயில் அண்ணன் எதையும் சொல்ல மாட்டார். அவர் பாட்டுக்கு மெஷினுக்கு விரிப்பைக் கொடுத்துக்கொண்டிருப்பார். சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, இருவருக்கும் காது நன்றாகவே கேட்டது.

அப்போதுதான் புது மேனேஜர் வந்து சேர்ந்தார். முகம் தெரிகிற அளவுக்குப் பளபளக்கிற ஷூ போட்ட மனிதர். வந்த அன்றைக்கே எல்லோரையும் கூட்டி வைத்து, "நாம எல்லாரும் ஒரே குடும்பம்" என்றார். பாவம், அவருக்குக் குடும்பம் என்றால் என்னவென்று தெரியாது போலிருக்கிறது. இனிமேல் ஊழியர்கள் விருந்தாளிகளிடம் மட்டுமல்ல, தங்களுக்குள்ளும் இங்கிலீஷில்தான் வணக்கம் சொல்லிக்கொள்ள வேண்டும். தினமும் வேலை தொடங்கும் முன் அவரவர் ஜோடியைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கற்றுக்கொடுக்க ஒரு டீச்சர் வருவார். நன்றாகத் தேறுகிற ஒருவரை அடித்தளத்திலிருந்து மேலே வரவேற்புக் கூடத்துக்கு மாற்றி, வருகிறவர்களைச் சிரித்த முகத்தோடு உள்ளே அழைக்கிற வேலை கொடுப்பார்கள்.

சின்னவளுக்கு அந்த வேலை வேண்டும். கம்பளம் விரித்த தரை, குளிர்ந்த காற்று, சோப்பில் வெந்து வெடிக்காத கை, எல்லாம் நல்லதுதான். ஆனால் அதற்காக அல்ல. மேலே போய்விட்டால் இந்தப் பெரியவளின் மூஞ்சியில் விழிக்க வேண்டாம். அதற்காகவே அவள் பஸ்ஸில், குளியலறையில், அடுப்படியில் எல்லாம் குட் மார்னிங்கை மனப்பாடம் பண்ணினாள். அக்காவும் அதே வேலைக்கு அடி போடுகிறாள் என்று தெரிந்ததும் தூக்கத்திலும் பண்ணினாள்.

இங்கிலீஷில் சொன்னால் அது பேச்சில் சேராது என்று இருவருக்கும் ஒரு ஏற்பாடு. பேசாமலே ஏற்பட்ட ஏற்பாடு. அதனால் தினமும் காலையில் இந்தக் கூத்து நடந்தது.

"குட் மார்னிங்," என்பாள் பெரியவள், கன்னத்தில் அறைகிற குரலில்.

"குட் மார்னிங். ஹவ் ஆர் யூ?" என்பாள் சின்னவள். இன்னும் நீ உயிரோடுதான் இருக்கிறாயா என்று அதற்கு அர்த்தம்.

"ஐ ஆம் ஃபைன், தேங்க்யூ." தேங்க்யூ வரும்போது பெரியவளுக்கு எச்சில் தெறிக்கும்.

ஒருநாள் பல்வலியில் சின்னவளின் கன்னம் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. பெரியவள் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அன்றைக்குத்தான் கற்றுக்கொண்ட புதுப் பாடத்தை எடுத்துவிட்டாள். "யூ லுக் வெரி நைஸ் டுடே." சின்னவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேனேஜர் வாசலில் நின்றதால் "தேங்க்யூ, சேம் டு யூ" என்று சொல்லித் தொலைத்தாள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஊழியர்கள் சாப்பிடுகிற கூடத்தில் வகுப்பு. டீச்சர் சின்னப் பெண். எதற்கெடுத்தாலும் சிரிக்கிற பெண். ஒருநாள் அவள் சொன்னாள், "யாராவது ஹவ் ஆர் யூன்னு கேட்டா, ஃபைன்னு மட்டும்தான் சொல்லணும். தலைவலி, மூட்டுவலி எல்லாம் சொல்லக்கூடாது. பதில் தெரிஞ்சுக்கறதுக்காக யாரும் அதைக் கேக்கறதில்ல."

"தெரிஞ்சுக்க வேணாம்னா எதுக்கு டீச்சர் கேக்கணும்?" என்றாள் சின்னவள்.

"அது ஒரு மரியாதை."

"ஒருத்தர் எப்படி இருக்காங்கன்னு காதுல வாங்கிக்காம இருக்கறதா மரியாதை?"

டீச்சர் சிரித்தாள். பெரியவள் மூக்கால் ஒரு சத்தம் விட்டாள். கேலியாகத்தான் இருக்கும் என்று சின்னவள் எடுத்துக்கொண்டாள். அக்கா எது செய்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வது என்று அவள் என்றைக்கோ முடிவு பண்ணியிருந்தாள்.

அடுத்த வாரம் மேனேஜருக்கு இன்னொரு யோசனை உதித்தது. வரவேற்புக் கூடத்துச் சுவரில் ஊழியர்கள் படத்தை வரிசையாக மாட்டப் போகிறார்களாம். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் அவரவர் குழந்தைப் பருவத்தின் இனிமையான நினைவு ஒன்று இங்கிலீஷில் இருக்கும். விருந்தாளிகள் படித்து உருகுவார்கள். யாருடையது நன்றாக இருக்கிறதோ அவருக்குத்தான் மேலே வேலை. "முதல்ல நம்ம பாஷையில எழுதிட்டு வாங்க. அப்புறம் சேர்ந்து மாத்திக்கலாம்," என்றாள் டீச்சர்.

சின்னவள் அன்று மாலை அடுப்பில் குழம்பைக் கொதிக்க விட்டுவிட்டு யோசித்தாள். இனிமையானது என்று எதைச் சொல்வது? அப்பா தொட்டதற்கெல்லாம் கையை ஓங்குவார், அம்மாவுக்கு வாயே கிடையாது. எதை நினைத்தாலும் கடைசியில் மனசு அந்த மழை நாளில்தான் போய் நின்றது. வேறெதையாவது எழுதலாம் என்று பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குழம்பு அடிப்பிடித்ததுதான் மிச்சம். சரி, நடந்ததை எழுதுவோம், கேட்கிறவர்கள் கேட்கட்டும், அவளும்தான் உட்கார்ந்து கேட்கட்டும் என்று கறுவிக்கொண்டே எழுதினாள்.

வகுப்பில் ரயில் அண்ணன் முதலில் படித்தார். கொய்யா மரம் ஏறியது, நாய் துரத்தியது, குட்டைக்குள் விழுந்தது. மனிதர் பிறந்து வளர்ந்தது மூன்றாவது மாடியில், மரம் ஏறியதே கிடையாது. ஆனாலும் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்துப் பெரியவள் எழுந்தாள். கையில் இருந்த தாளைப் பார்த்துக் கரகரத்த குரலில் படித்தாள்.

"ஒரு நாள் சாயங்காலம் மழையில் ஏரி உடைத்துக்கொண்டது. வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. மேட்டில் இருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போனோம். அம்மா தலையில் மூட்டையை வைத்துக்கொண்டு என் கையைப் பிடித்து முன்னால் இழுத்துக்கொண்டு போனாள். தண்ணீர் எனக்கு இடுப்புவரை இருந்தது. தண்ணீருக்குள் ஏதோ தகரம் என் காலைக் கிழித்தது. கால் வலிக்குதும்மா என்று சொன்னேன். மழைச் சத்தத்தில் அம்மாவுக்குக் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். தூரத்தில் அப்பா வந்துகொண்டிருந்தார். அவர் தோளில் என் தங்கை. நீலப் போர்வையால் மூடி, நனையாமல் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தார். என்னையும் தூக்குங்கள் என்று கேட்க ஆசை. கேட்கவில்லை. நான் பெரியவள் இல்லையா."

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுகிற வேகத்தில் சின்னவள் எழுந்தாள்.

"டீச்சர், கொஞ்சமாவது வாய் கூச வேணாமான்னு அந்த அம்மாவைக் கேளுங்க! தோள்ல ஏறிப் போனது அவங்க. இப்ப நான் போனேன்னு எழுதிட்டு வந்திருக்காங்க!"

"என்னது?" பெரியவள் டீச்சர் பக்கம் திரும்பினாள். "டீச்சர், அவளுக்குப் பைத்தியமான்னு கேளுங்க."

டீச்சர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. சின்னவள் யாருக்கும் காத்திருக்காமல் தன் தாளைப் பிரித்து, ஒவ்வொரு வார்த்தையையும் அக்காவின் தலையில் போடுகிற மாதிரி படித்தாள்.

"அம்மா முன்னாலேயே போய்விட்டாள். மழையில் கண்ணுக்குத் தெரியவில்லை. நான் அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். தண்ணீர் நெஞ்சுவரை வந்தது. அப்பா தோளில் நீலப் போர்வைக்குள் அக்கா இருந்தாள். போர்வை நழுவ நழுவ அப்பா இழுத்து மூடினார். என் செருப்பு போய்விட்டது. கால் வலிக்குதுப்பா என்று சொன்னேன். அப்பா திரும்பிப் பார்க்காமல், பேசாம வா என்று சொன்னார். பள்ளிக்கூடத்து இருட்டில் அப்பா போர்வையோடு எனக்கு முன்னால் உள்ளே போய்விட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா உலர்ந்த பாவாடை கட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்கு அதற்குப் பிறகு ஜுரம் வந்து, மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தேன்."

"உலர்ந்த பாவாடை அம்மா மாத்தி விட்டது," என்றாள் பெரியவள், டீச்சரைப் பார்த்து. "காலையில நான் கண்ணு முழிச்சுப் பாக்கறேன், அவ அப்பா மடியில படுத்திருக்கா. தோள்லயும் அவதான், மடியிலயும் அவதான். சரி போகட்டும்னு இருந்தேன். அதனாலதான் மெஷினாவது எனக்கு வரட்டும்னு தூக்கிட்டு வந்தேன். சொல்லுங்க அவகிட்ட."

"தோளையும் எடுத்துக்கிட்டு மெஷினையும் எடுத்துக்கிட்டாங்களேன்னுதான் எனக்கு வயிறு எரிஞ்சுது. அதையும் சொல்லுங்க அவங்ககிட்ட."

பெரியவள் குனிந்து புடவைக் கரையைத் தூக்கினாள். கணுக்காலுக்கு மேலே ஒரு சாண் நீளத்துக்கு வெளுத்துப் போன தழும்பு. "தோள்ல ஏறிப் போனா இது எப்படி வரும்? கேளுங்க டீச்சர்!"

சின்னவளுக்கு அந்தத் தழும்பு தெரியும். ஒரே பாயில் படுத்துத் தூங்கிய காலத்தில் எத்தனையோ தடவை அது அவள் காலில் உரசியிருக்கிறது. எப்படி வந்தது என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. பொய் என்று கத்தத்தான் ஆசை. கையிலிருந்த தாளை நாலாக மடித்தாள்.

ரயில் அண்ணன்தான் பல்லைக் குத்திக்கொண்டே கேட்டார். "அட, நீயும் நடந்திருக்க, அவளும் நடந்திருக்கா. அப்ப தோள்ல இருந்தது யாரு?"

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். அந்த இரண்டு பேர் மட்டும் சிரிக்கவில்லை.

டீச்சர் அவசரமாக நடுவில் புகுந்தாள். "இது இனிமையா இல்லையே. இதைச் சுவத்துல மாட்ட முடியாது. ஒண்ணு பண்ணலாம். 'மழையில் அப்பா எங்க ரெண்டு பேரையும் தோள்ல தூக்கிட்டுப் போனார், நாங்க சிரிச்சுக்கிட்டே போனோம்'னு மாத்திடலாம். ரெண்டும் ஒரே மழைதானே, ஒண்ணு போதும். சின்னவங்களோடதை நானே இங்கிலீஷ்ல அழகா எழுதிக் குடுக்கறேன்."

மறுநாள் காலையில் விரிப்புகள் வழக்கம்போல வந்து குவிந்தன. மேனேஜர் இன்னும் கீழே இறங்கவில்லை. இரண்டு பேரும் முதல் விரிப்பைப் பிரித்துப் பிடித்தார்கள். பெரியவளின் கண் சிவந்திருந்தது. ராத்திரி தூங்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. நன்றாக வேண்டும் என்று நினைத்தாள் சின்னவள். அவளும்தான் தூங்கவில்லை.

விரிப்பை உதறிவிட்டுப் பெரியவள் ரயில் அண்ணன் பக்கம் திரும்பினாள். குரல் தாழ்ந்திருந்தது.

"அண்ணே, அந்தத் தண்ணியில எங்க வீட்டுல எல்லாம் போச்சு. அரிசி, பாய், ஸ்கூல் புத்தகம், அம்மாவோட துணி. மெஷினோட மேசைகூட ஊறி உப்பி, பலகை பலகையா விட்டுப் போச்சு. அப்பா வேற மேசை வாங்கிப் போட்டாரு. ஆனா மேல இருக்கற மெஷின்ல ஒரு பொட்டுத் துரு கிடையாது. நேத்து போய் மூடியைத் திறந்து பாத்தேன். இன்னிக்கும் கிடையாது. அவகிட்ட சொல்லுங்க."

ரயில் அண்ணன் எப்போதும்போல எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

சின்னவளின் கையில் விரிப்பு தொய்ந்தது. மேசையிலிருந்து கழற்றினால் அந்த மெஷின் ஒரு பிள்ளை அளவு இருக்கும். பிள்ளை கனம் கனக்கும். தண்ணீர் வடிந்த வாரத்தில், ஈரச் சுவருக்கு நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்து அப்பா கடகடவென்று தைத்துக்கொண்டிருந்தது அவள் கண்முன்னால் வந்தது. ஜுரத்தில் படுத்துக்கொண்டு அவள்தான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா அவளைத் திரும்பிப் பார்க்காமல் போர்வையை இழுத்து இழுத்து மூடியது எதற்கு என்று இப்போது புரிந்தது. மெஷின் நனைந்தால் சோறு கிடையாது. பெண் நனைந்தால் காய்ந்துவிடும். நியாயம்தான். அந்த நியாயத்தை நினைத்ததும் செத்துப் போன மனிதர் மேல் அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. அந்த மெஷினுக்காகத்தான் இத்தனை வருஷம் கூடப் பிறந்தவளைக் கரித்துக் கொட்டியிருக்கிறாள்.

அந்த நேரம் பார்த்து மேனேஜரின் ஷூச் சத்தம் படியில் இறங்கியது. பின்னால் டீச்சர், கையில் அழகாக அச்சடித்த ஒரு தாள். மேனேஜர் முகமெல்லாம் பல்லாக வந்து நின்றார்.

"கங்கிராஜுலேஷன்ஸ்! உங்களோடது ரொம்பப் பிரமாதம்," என்றார் சின்னவளிடம். "அப்பா தோள்ல ரெண்டு பொண்ணுங்க, சிரிச்சுக்கிட்டே போறாங்க. எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. நாளையில இருந்து நீங்க மேல வந்துடுங்க. ஒரே ஒரு தடவை உங்க ஜோடியோட கிரீட் பண்ணிக் காட்டுங்க. சிரிச்ச முகத்தோட, தெளிவா. அவ்வளவுதான்."

கம்பளத் தரை, குளிர்ந்த காற்று, இந்த மூஞ்சியில் விழிக்காத விடியல். எல்லாம் ஒரு வார்த்தை தூரத்தில் நின்றன. பெரியவள் விரிப்பின் மறுமுனையில் நின்றபடி அவளைப் பார்த்தாள். விட்டுக்கொடுக்கிற பார்வை இல்லை அது. எடுத்துக்கொள், உனக்குத்தான் எல்லாமே கிடைக்குமே என்கிற பழைய பார்வையும் இல்லை.

"குட் மார்னிங்," என்றாள் பெரியவள். "ஹவ் ஆர் யூ?"

பதில் தெரிந்துகொள்வதற்காக யாரும் அதைக் கேட்பதில்லை. சின்னவள் வாயைத் திறந்தாள். ஐ ஆம் ஃபைன் நாக்கு நுனியில் தயாராக இருந்தது, தூக்கத்தில்கூடச் சொல்லிப் பழகிய வார்த்தை. அது வரவில்லை.

"கால் வலிக்குது," என்றாள்.

நம்ம பாஷையில் சொன்னாள். அக்காவின் முகத்தைப் பார்த்து, நடுவில் யாரையும் வைத்துக்கொள்ளாமல் சொன்னாள்.

மேனேஜரின் சிரிப்பு மறைந்தது. டீச்சர் பின்னாலிருந்து "ஃபைன், ஃபைன்" என்று கிசுகிசுத்தாள். சின்னவள் திரும்பவேயில்லை. "இன்னொரு தடவை சொல்லுங்க," என்றார் மேனேஜர்.

"கால் வலிக்குதுன்னு சொன்னேன், சார்."

"இப்படிச் சொல்றவங்களை எப்படி மேல நிறுத்தறது?" என்று அவர் டீச்சரிடம் எரிந்து விழுந்தார். பாத்திரம் கழுவுகிற பெண்ணின் பெயரைச் சொல்லி அவளை நாளையிலிருந்து மேலே வரச் சொல்லச் சொன்னார். ஷூச் சத்தம் படியேறிப் போய்விட்டது.

உருளை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ரயில் அண்ணன் ஆவிக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார். சின்னவள் தன் முனைகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போயும் போயும் இவளுக்காக வேலையைத் தொலைத்தோமே என்று அவளுக்குள் எரிந்தது.

"எனக்குந்தான்டி வலிக்குது," என்றாள் பெரியவள் கடைசியில். "தொங்க விடாத. இழுத்துப் பிடி."

சின்னவள் இழுத்துப் பிடித்தாள்.